பெருநாளும் பாடசாலை இடாப்பும்

பாடசாலை ஒவ்வொன்றிலும் வரவு இடாப்பு என்று ஓர் ஏடு உண்டு. காலையில் மணி அடித்ததும் ஆசிரியர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். வந்த பிள்ளையின் பெயருக்கு நேரே ஓர் அடையாளமும், வராத பிள்ளையின் பெயருக்கு நேரே வேறோர் அடையாளமும் இடுவார். பிள்ளை ஏன் வரவில்லை என்பதை அந்த அடையாளம் சொல்வதில்லை. காய்ச்சலிற் படுத்த பிள்ளையும், தந்தையோடு வேலைக்குப் போன பிள்ளையும், தன் வீட்டுப் பெருநாளுக்காகக் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ போன பிள்ளையும் அந்த ஏட்டிலே ஒரே வரிசையில் நிற்பர். மூவரும் ‘வரவில்லை’.

பெருநாளுக்குப் போன பிள்ளை குற்றவாளியா? கல்வியை இழந்ததற்கு அப்பிள்ளையே பொறுப்பா? அல்லது அந்த நாளை முன்னரே அறிந்து பாடசாலையை மூடியிருக்க வேண்டியது அரசினரின் கடமையா? சிறியதாகத் தோன்றும் இந்த வினா, பல சமயத்தவர் கூடி வாழும் எந்த நாட்டிலும் எழாமல் இருப்பதில்லை. இலங்கையில் அது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுந்து வருகிறது. இந்நாட்டில் அதற்குக் கிடைத்த விடைகளும் பல. அவற்றுட் சில கசப்பானவை, சில அறிவுடையவை. அவற்றை வரிசையாக நோக்குவது பயன் தரும்.

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்ட காலத்திற் பாடசாலையும் கோவிற்பற்றும் பிரிக்க முடியாதபடி இணைந்திருந்தன. ஊர்ப் பாடசாலையின் உபாத்தியாயரே ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைப் பதியும் தோம்பையும் எழுதினார். ‘பாடசாலைத் தோம்பு’ எனப்பட்ட அந்த ஏட்டிற் பெயர் இல்லாதவன் தன் பிறப்பையும் தன் விவாகத்தையும் சட்டத்தின் முன் நிறுவுதல் அரிதாயிற்று. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. புரொட்டஸ்தாந்து சமயத்தின் வினாவிடையே முதற் பாடம். அச்சமயத்தின் நாட்களே பாடசாலையின் நாட்கள். கத்தோலிக்கரின் திருநாளும், சைவரின் விரதமும், பௌத்தரின் பூரணையும், முஸ்லிம்களின் நோன்பும் அந்த ஏட்டிற் சேராதவை.

அவ்வாறாயின் அந்த நாட்கள் மறைந்துபோயினவா? இல்லை. அவை வீட்டுக்குள்ளே ஒளிந்துகொண்டன. பறங்கியர் காலத்தைப் பற்றி யாழ்ப்பாணத்திலே ஒரு செவிவழிச் செய்தி வழங்கி வருகிறது. விரத நாளன்று வாழையிலையிற் சோறுண்டவர்கள், எச்சில் இலையை வெளியே எறிந்தால் அதிகாரிகள் கண்டு விசாரிப்பார்கள் என்று அஞ்சி, அதனைச் சுருட்டிக் கூரையின் இறப்பிலே செருகி வைத்தார்கள் என்பது அச்செய்தி. தலைமுறை தலைமுறையாகப் பாட்டிமார் அதைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். சட்டம் ஒரு நாளைத் தன் ஏட்டில் எழுதாமல் விட்டால், மக்கள் அந்த நாளை மறப்பதில்லை, மறைக்கப் பழகுகிறார்கள். மறைக்கப் பழகிய வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை, ஆசிரியரிடம் ஒரு முகமும் தாயாரிடம் வேறொரு முகமும் காட்டக் கற்றுக்கொள்கிறது. எந்தக் கல்விக்கும் இது நல்ல தொடக்கமன்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தக் கடுமை தளர்ந்தது. தண்டப்பணம் போயிற்று. எனினும் கல்வி பெரும்பாலும் மிஷன் சங்கங்களின் கையிலேயே இருந்தது. யாழ்ப்பாணத்திலே 1814 ஆம் ஆண்டுக்கும் 1818 ஆம் ஆண்டுக்கும் இடையில் உவெஸ்லியன் மிஷன், அமெரிக்க மிஷன், சர்ச் மிஷன் ஆகிய மூன்றும் வந்து சேர்ந்தன. அவர்கள் தமிழுக்கும் விஞ்ஞானத்துக்கும் வைத்தியத்துக்கும் செய்த தொண்டு மறக்கற்பாலதன்று. ஆயினும் அப்பாடசாலைகளின் ஆண்டு நத்தாரையும் உயிர்த்த ஞாயிற்றையும் சுற்றியே அமைந்தது. சைவப் பிள்ளைக்குத் தைப்பொங்கலன்றோ சிவராத்திரியன்றோ விடுமுறை கிடைத்தல் பெரும்பாலும் பாடசாலை முகாமைக்காரரின் மனத்தைப் பொறுத்தது.

இங்கே ஓர் ஒப்புமை கருதத்தக்கது. 1870 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பாராளுமன்றம் ஆரம்பக் கல்விச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் 7 ஆம் பிரிவிலே ஒரு வாசகம் உண்டு. பெற்றோர் சார்ந்த சமயத்தவர் வழிபாட்டுக்கென ஒதுக்கிய நாளிலே, பெற்றோர் விரும்பிப் பிள்ளையை நிறுத்திக்கொண்டால், அப்பிள்ளை பாடசாலைக்கு வரவேண்டுமென்று கட்டாயப்படுத்தல் ஆகாது என்பது அதன் கருத்து. யூதரும் கத்தோலிக்கரும் அந்நாட்டிலே சிறுபான்மையினர். அவர்தம் பிள்ளைகளுக்கு இவ்வாசகம் ஒரு வேலியாயிற்று. அப்பிரிவு பாடசாலையை மூடச் சொல்லவில்லை. பிள்ளையை வருத்தாதே என்று மட்டும் சொல்லியது. பெருநாளைப் பாடசாலை மதித்தற்கு இது முதற்படி எனலாம்.

அதே 1870 ஆம் ஆண்டு இலங்கையின் கல்வி வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது. தனியார் நடத்தும் பாடசாலைகளுக்கு அரசினர் நன்கொடை வழங்கும் முறை அவ்வாண்டு முதல் விரிவாக நடைமுறைக்கு வந்தது. ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கும் 1870 ஆம் ஆண்டிலேயே நன்கொடை கிடைத்தது. ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்வித்தியாசாலை ஊரவர் தந்த பொருளினாலும் பிடியரிசியினாலும் நடந்தது. மிஷன் பாடசாலை ஒன்றிலே விபூதி அணிந்து சென்ற மாணவர் விலக்கப்பட்டபோது, நாவலர் 1872 ஆம் ஆண்டிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பொருட்குறையால் அது நெடுங்காலம் நிலைக்கவில்லை. எனினும் அது எழுப்பிய வினா நிலைத்தது. நெற்றியிலே நீறும் கையிலே ஆங்கிலப் புத்தகமும் ஒருங்கே இருத்தல் ஆகாதோ என்பதே அவ்வினா. பெருநாளுக்கும் பாடத்துக்கும் இடையே ஒன்றைத் தெரிந்துகொள் என்று பிள்ளையிடம் சொல்வதும், நீற்றுக்கும் புத்தகத்துக்கும் இடையே ஒன்றைத் தெரிந்துகொள் என்று சொல்வதும் ஒரே தன்மையின.

இவ்வினாவுக்கு அரசினர் முதன்முதல் தந்த பெரிய விடை பௌத்தர் காரணமாக வந்தது. இன்று கேட்போருக்கு இது வியப்பாகத் தோன்றலாம். தொகையினாற் பௌத்தரே இந்நாட்டின் பெரும்பான்மையினர். ஆனால் அதிகாரத்தினால் அன்று அவர்கள் சிறுபான்மையினர். அரசாங்க நாட்காட்டியிலே நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் இருந்த இடம் வெசாக் பூரணைக்கு இருக்கவில்லை.

1883 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25 ஆந் தேதி உயிர்த்த ஞாயிறு. அன்று கொழும்பு கொட்டாஞ்சேனையிலே, மீகெட்டுவத்தை குணானந்த தேரரின் விகாரையை நோக்கிப் பௌத்தர் ஊர்வலமாகச் சென்றனர். அருகிலே கத்தோலிக்கரின் பெரிய தேவாலயம். ஒரு சாராருக்கு அது தம் ஆண்டின் மிகப் புனிதமான நாள். மற்றச் சாராருக்கு அது தம் விகாரையின் விழாக்காலம். இரு கூட்டத்தாரும் மோதினர், இரத்தம் சிந்தியது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. குற்றவாளிகள் தண்டிக்கப்படவில்லை என்ற மனக்குறை பௌத்தரிடையே மூண்டது. 1880 ஆம் ஆண்டிலே காலியில் வந்திறங்கிப் பௌத்தருக்காக உழைத்துவந்த அமெரிக்கரான கேணல் ஒல்கொட் துரை, அவர்களின் பிரதிநிதியாக 1884 ஆம் ஆண்டு இலண்டன் சென்று குடியேற்ற நாட்டு மந்திரியாகிய டேர்பி பிரபுவிடம் முறையிட்டார். அம்முறையீட்டிலே கேட்கப்பட்டவற்றுள் ஒன்று, வெசாக் தினத்தைப் பொது விடுமுறை நாளாக்க வேண்டும் என்பது.

தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அதற்கு இணங்கினார். 1885 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆந் தேதி வந்த வெசாக் பூரணை பொது விடுமுறை நாளாயிற்று. கொட்டாஞ்சேனையிலே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் கலகத்துக்குக் காரணமாயிருந்த அதே விகாரையிலே, அன்று பௌத்தக் கொடி ஏற்றப்பட்டது. அக்காலத்திலே சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதியாயிருந்த பொன்னம்பலம் இராமநாதன் சைவர். ஆயினும் வெசாக் விடுமுறைக்கு ஆதரவாக நின்றார். பிறர் பெருநாளுக்கு இடங்கேட்பவன் தன் பெருநாளுக்கும் இடத்தைக் காக்கிறான் என்ற உண்மையை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

விடுமுறை கிடைத்ததோடு வினா தீரவில்லை. பொது விடுமுறை ஆண்டில் ஒரு நாள். பாடசாலையோ ஆண்டு முழுவதும் நடப்பது. ஆகவே ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தமக்கெனப் பாடசாலைகளை அமைப்பதே வழி என்று கருதினர். 1886 ஆம் ஆண்டிலே கொழும்புக் கோட்டைக்கு அருகில், புறக்கோட்டையில், பின்னர் ஆனந்தாக் கல்லூரியாக வளர்ந்த பௌத்த ஆங்கிலப் பாடசாலை தோன்றியது. 1890 ஆம் ஆண்டிலே சைவ பரிபாலன சபையார் யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றனர். 1892 ஆம் ஆண்டிலே, அறிஞர் சித்திலெப்பை முதலியோரின் முயற்சியால், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கையில் வாழ்ந்த ஒறாபி பாஷாவின் ஊக்கத்தோடு, மருதானையிலே பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரி என வளர்ந்த மத்ரஸா திறக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளுள் எழுந்த இம்மூன்றும் தத்தம் பெருநாட்களைத் தாமே வகுத்துக்கொண்டன.

இந்த ஏற்பாட்டிலே நன்மை உண்டு, குறையும் உண்டு. தன் சமூகத்தின் பாடசாலைக்குச் சென்ற பிள்ளை தலைநிமிர்ந்து பெருநாள் கொண்டாடியது. ஆனால் எல்லா ஊரிலும் எல்லாச் சமூகத்தாருக்கும் பாடசாலை இருக்கவில்லை. சைவ ஊரின் நடுவே ஐந்தாறு முஸ்லிம் குடும்பம். மீனவக் கத்தோலிக்க ஊரின் ஓரத்தே இரண்டு மூன்று சைவக் குடும்பம். தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையிலோ தோட்டத்தின் வேலைநாளே கல்வி நாள். இத்தகைய இடங்களிலே பிள்ளையின் பெருநாள் மற்றவர் தயவில் இருந்தது. சமூகத்துக்கு ஒரு பாடசாலை என்ற முறை பெரிய கூட்டத்தாரைக் காத்தது. கூட்டத்தினின்று விலகி வாழ்ந்தவரைக் காக்கவில்லை.

1945 ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளிலே நிறைவேறிய சட்டங்களின்படி, நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை, தொகையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை, அரசாங்கம் பொறுப்பேற்றது. கத்தோலிக்கப் பெற்றோர் பலர் பாடசாலைக் கட்டடங்களிலே குடிபுகுந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். இந்து, பௌத்த, முஸ்லிம் சபைகள் நடத்திய பாடசாலைகளும் அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. இம்மாற்றத்தின் நன்மை தீமைகளைப் பற்றி இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. முன்னர் நூறு முகாமைக்காரர் நூறு விதமாக வகுத்த பாடசாலை நாட்காட்டியை இனி அரசாங்கமே வகுக்க வேண்டியதாயிற்று. பிள்ளையின் பெருநாள் மிஷனாரின் தயவிலிருந்தும் சபையாரின் தயவிலிருந்தும் நீங்கி, அரசின் நீதிக்கு உட்பட்டது.

அந்த நீதி ஐந்தே ஆண்டுகளிற் சோதனைக்குள்ளாயிற்று. 1966 ஆம் ஆண்டு சனவரி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை ஒழிக்கப்பட்டு, அதற்குப் பதிலாகப் போயா விடுமுறை புகுத்தப்பட்டது. அமாவாசை, பூரணை, அவற்றிடையே வரும் இரண்டு அட்டமி ஆகிய நான்கு நாட்களும் போயா தினங்கள். நிலவின் ஒரு சுற்று ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அதனை நான்காகப் பங்கிட்டாற் பங்கு ஒவ்வொன்றும் ஏழேகால் நாளுக்குச் சற்று மேலாகும். ஆகவே ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் இடையே சிலபோது ஏழு நாள், சிலபோது எட்டு நாள் வந்தது. பாடசாலையின் நேரசூசி வாரத்துக்கு வாரம் நீண்டும் குறுகியும் நின்றது. விடுமுறை எக்கிழமையில் வரும் என்பதை நாட்காட்டியைப் பார்த்தே அறியவேண்டியிருந்தது.

நூற்றாண்டுக் கணக்காகத் தம் நாட்கள் புறக்கணிக்கப்பட்ட பௌத்தருக்கு இது நெடுநாளைய மனக்குறையின் தீர்வாகத் தோன்றியது; அதிற் பொருத்தமும் இருந்தது. ஆனால் ஒருவர் வீட்டு விளக்கை ஏற்ற மற்றவர் வீட்டு விளக்கிலிருந்து எண்ணெய் எடுத்தாற்போல் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை போயாவோடு பொருந்தாத வாரங்களிலே கிறித்தவப் பிள்ளைக்குப் பூசையும் பாடமும் ஒரே காலைப் பொழுதில் வந்தன. 1885 ஆம் ஆண்டுக்கு முன் பௌத்தப் பிள்ளை வெசாக் நாளில் எங்கே நின்றதோ, அங்கே இப்போது கிறித்தவப் பிள்ளை நின்றது. இடாப்பிலே அடையாளம் மாறவில்லை. பிள்ளையின் பெயர் மட்டுமே மாறியது. வெளிநாட்டு வணிகத்துக்கு நேர்ந்த இடர்ப்பாடும் சேர, ஐந்தரை ஆண்டுகளின் பின், 1971 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே அம்முறை கைவிடப்பட்டது.

அவ்வாண்டு நிறைவேறிய 29 ஆம் இலக்க விடுமுறைச் சட்டம் ஞாயிற்றுக்கிழமையை மீட்டது. அதே வேளையிற் பூரணைப் போயா ஒவ்வொன்றையும் பொது விடுமுறையாக நிறுத்தியது. பறித்துக் கொடுப்பதை விட்டுக் கூட்டிக் கொடுப்பது என்ற வழி அதிலே காணப்படுகிறது. இன்று நடைமுறையிலுள்ள அட்டவணையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பூரணைப் போயா 12. சில ஆண்டுகளில் 13. வெசாக்குக்கு மறுநாள் 1. தைப்பொங்கல், மகா சிவராத்திரி, தீபாவளி என இந்துக்களுக்கு 3. மீலாத் நபி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என முஸ்லிம்களுக்கு 3. பெரிய வெள்ளி, நத்தார் எனக் கிறித்தவருக்கு 2. தமிழரும் சிங்களவரும் சேர்ந்து கொண்டாடும் சித்திரைப் புத்தாண்டுக்கு 2. சுதந்திர தினமும் மே தினமும் 2. ஆக 25.

இத்தனை விடுமுறை ஒரு நாட்டுக்குத் தகுமா என்று வினவுவோர் உண்டு. பாடநாட்கள் குறைகின்றன, பரீட்சைக்குரிய பாடங்கள் முடிவதில்லை என்பது அவர் கூற்று. அக்கூற்றைத் தள்ளிவிட முடியாது. ஆனால் மேற்காட்டிய கணக்கை நோக்குக. 2012 ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதின்மர் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவருமாவர். அவர்கள் மூவர்க்கும் உரிய பெருநாட்கள் சேர்ந்து எட்டே. அவற்றுள்ளும் சில சனி, ஞாயிறுகளிலும் தவணை விடுமுறையிலும் விழுந்து மறைவன. பாடநாள் குறைவதற்குப் பரிகாரம் தேடுவோர் முதலில் இந்த எட்டிலே கைவைத்தல் நேர்மையாகாது.

அட்டவணையில் எழுதிவிட்டால் மட்டும் பெருநாள் பாடசாலைக்குப் பொருந்திவிடுவதில்லை என்பதற்கு நோன்பு மாதமே சான்று. இஸ்லாமிய ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினொரு நாள் குறைந்தது. ஆதலின் ரமழான் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகளிலே பருவம் அனைத்தையும் சுற்றி வருகிறது. விடியுமுன் எழுந்து, பகல் முழுவதும் நீரும் அருந்தாது, இரவிலே நெடுநேரம் தொழும் பிள்ளையிடம் ஒரு நாள் விடுமுறையைக் கொடுத்துவிட்டு ஏனைய நாளெல்லாம் வழக்கம்போற் படி என்றால் அது பொருந்துமா? இதற்காகவே முஸ்லிம் பாடசாலைகளுக்கெனத் தனித் தவணை அட்டவணை வகுக்கப்பட்டது. கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் சுற்றறிக்கையிலே சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு தவணையும் முஸ்லிம் பாடசாலைகளுக்கு வேறொரு தவணையும் இன்றும் குறிக்கப்படுகின்றன. நோன்பு மாதத்தில் மூடும் பாடசாலை, ஏனையவை மூடியிருக்கும் காலத்தில் நடந்து அந்நாட்களை ஈடுசெய்கிறது. பாடநாள் குறையாமலே பெருநாளை மதித்தல் கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எனினும் பழைய குறை இங்கும் தலைகாட்டுகிறது. தமிழ்ப் பாடசாலையிலோ சிங்களப் பாடசாலையிலோ பயிலும் முஸ்லிம் பிள்ளைக்கு அத்தனி அட்டவணை உதவுவதில்லை. முஸ்லிம் பாடசாலையிற் கற்பிக்கும் சைவ ஆசிரியையின் பிள்ளைகள் வேறு பாடசாலையிற் படித்தால், தாய்க்கு விடுமுறை உள்ளபோது பிள்ளைகளுக்கு இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே நாளில் நடைபெறும் பொதுப் பரீட்சையோ எவருடைய தவணையையும் கேட்பதில்லை. ஒரு சமூகம் முழுவதற்கும் வேலி போட்டபின், வேலிக்கு வெளியே நிற்கும் ஒரு பிள்ளையையும் நினைப்பதே நிறைவான நீதி.

அந்த நீதி ஓரளவுக்கு ஊரளவிலே வழங்கி வருகிறது. சிவராத்திரியன்று இரவு முழுவதும் கண்விழித்த பிள்ளை மறுநாட் காலை வகுப்பிலே தூங்கி விழும் என்பதை யாழ்ப்பாணத்து ஆசிரியர் அறிவர். ஆகவே வட மாகாணப் பாடசாலைகளுக்கு மறுநாளைச் சிறப்பு விடுமுறையாக வழங்கி, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பாடசாலை நடத்தும் வழக்கம் பல ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டுள்ளது. நவராத்திரிக்குத் தமிழ்ப் பாடசாலைகள் ஒன்பது நாளும் மூடுவதில்லை. பாடசாலையிலேயே கும்பம் வைத்து வாணி விழாக் கொண்டாடுகின்றன. பெருநாளை மதித்தற்குக் கதவை அடைப்பது ஒரு வழி; கதவைத் திறந்து பெருநாளை உள்ளே அழைப்பது மற்றொரு வழி. வகுப்பிலே ஒரு கிறித்தவப் பிள்ளை இருந்தாலும், வாணி விழாவன்று அவலும் கடலையும் அதன் கைக்கும் வரும். மார்கழியிலே அப்பிள்ளை கொண்டுவரும் நத்தார்ப் பலகாரம் மற்றவர் கைக்கும் வரும்.

இலங்கையர் இத்துறையிலே நெடுவழி வந்துள்ளனர் என்பதை அறியப் பிறநாடொன்றை நோக்கலாம். அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்துப் பொதுப் பாடசாலைகளிலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பயின்று வந்தனர். அவர்களுள் முஸ்லிம்களும் இந்துக்களும் பலர். அங்கே முஸ்லிம்களின் இரு பெருநாட்களையும் பாடசாலை விடுமுறையாக்கும் முடிவு 2015 ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டது. தீபாவளியை அந்நகரத்துப் பாடசாலை விடுமுறையாக்கும் சட்டம் 2023 ஆம் ஆண்டிலே வந்து, 2024 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆந் தேதி முதன்முதலாக அந்நாளுக்குப் பாடசாலைகள் மூடப்பட்டன. செல்வமும் கல்வியும் மிக்க அந்நகரம் 21 ஆம் நூற்றாண்டிலே தீர்க்கத் தொடங்கிய வினாவை, கொழும்பு 1885 ஆம் ஆண்டிலேயே தீர்க்கத் தொடங்கியது. முந்தித் தொடங்கியவர் முடித்துவிட்டார் என்பது இதன் பொருளன்று. தொடங்கியதைக் காக்கும் பொறுப்பு முந்தியவருக்கே மிகுதி.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரு புதுமை உண்டு. பௌத்தரின் போயா பூரணை நிலவைப் பார்த்து வருகிறது. கிறித்தவரின் பெரிய வெள்ளி, மார்ச் மாதத்து இருபத்தோராந் தேதியை ஒட்டியோ அதன் பின்னரோ வரும் பூரணையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. இந்துக்களின் சிவராத்திரியும் தீபாவளியும் அமாவாசையை அணைந்து வருகின்றன. முஸ்லிம்களின் நோன்பும் பெருநாளும் தலைப்பிறையைக் கண்டு தொடங்குகின்றன. பிறை தென்பட்டதா என்று கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து வரும் செய்தியை, வானொலியைச் சூழ்ந்திருந்து கேட்ட இரவுகளை முஸ்லிம் குடும்பங்கள் அறியும். நான்கு சமயத்தாரும் நோக்குவது ஒரே நிலவு. 1883 ஆம் ஆண்டிலே கொட்டாஞ்சேனையில் மோதியவர்களின் தலைக்கு மேலே தேய்ந்துகொண்டிருந்ததும் அந்நிலவே.

நிலவு எல்லாருக்கும் போதும். நாட்காட்டியும் போதும்படி வகுக்கக் கூடியதே. பிள்ளையொன்று பெருநாளன்று வீட்டில் நின்றால், மறுநாள் ஆசிரியர் இடாப்பைத் திறக்கும்போது அதன் பெயருக்கு நேரே குற்றம்போல் ஓர் அடையாளம் விழாதிருத்தல் வேண்டும். எச்சில் இலையை இறப்பிலே செருகிய வீட்டாரின் பேரப் பிள்ளைகள், இன்று வாசலிலே கோலமிட்டுப் பொங்கிவிட்டு, மறுநாள் அச்சமின்றிப் பாடசாலைக்குச் செல்கின்றனர். தன் பிள்ளை அவ்வாறு செல்வதைக் காணும் ஒவ்வொரு தாயும், அடுத்த வீட்டுப் பிள்ளையும் தன் பெருநாளுக்கு மறுநாள் அவ்வாறே செல்கிறதா என்று பார்த்துக்கொள்வாளாயின், அந்த நாட்டிலே நாட்காட்டி பற்றிய வழக்கு மீண்டும் எழாது.